ஓடைமேட்டுக்குப் பூசிய பச்சை

அடி அண்ணாமலை,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

நந்தினிக்கு,

ஓடைமேட்டுக் காலனியில் தண்ணீர் இருக்கிறது என்று நீ பொய் சொல்லியிருக்கிறாய். பொய் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன், பிழை என்று எழுதி ஒருமுறை அடித்துவிட்டேன். இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை, சொல்லியாகிவிட்டதால் இனி விசாரிக்கிறேன். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், அங்கே ஹாலந்தில் குளிர் விட்டதா, போன மாதம் இருமிக்கொண்டே பேசினாயே அது நின்றதா. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், வீடியோவில் கேட்டால் சிக்னல் போய்விடுகிறது, நான் இந்த விஷயத்தை எடுக்கும்போது மட்டும் உங்கள் ஊர் சிக்னல் எப்படிப் போகிறதோ தெரியவில்லை. அதனால்தான் தாளில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை. செங்கம் ரோட்டில் நம் கடைக்குப் போனால் பக்கத்து டீக்கடையிலிருந்து வேளைக்கு ஒரு போண்டா வருகிறது, நான் கேட்டால் வாடிக்கையாளருக்கு வாங்கியது என்கிறார், வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டுகிறார். ஆசிரமத்துப் பக்கம் புதிது புதிதாக அறைகள் கட்டுகிறார்கள், குழாய், மோட்டார், தொட்டி என்று கடையில் வியாபாரம் நன்றாகத்தான் போகிறது. என் பொறியியல் கல்லூரியில் சிவிலில் சேர ஆள் குறைந்துவிட்டது, முதலாம் ஆண்டில் ஒரு வேனை நிரப்பும் அளவுக்குக்கூடப் பிள்ளைகள் இல்லை, நிர்வாகத்தில் என்னைக் கூப்பிட்டு மேடம் நீங்க கம்ப்யூட்டர் பசங்களுக்கு சுற்றுச்சூழல் பாடம் எடுங்க, அந்த ஜியாலஜி, கல்லு பாடத்தை ஆன்லைன்ல பாத்துக்கலாம் என்றார்கள். கல்லைத் தொடாமல் கல்லைப் படிக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வகத்தில் உன் காலத்து மாதிரிக் கற்கள் அப்படியே இருக்கின்றன, பிள்ளைகள் அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கல்லைப் பார்க்காமலே பெயர் சொல்கிறார்கள், இந்த வருடம் எல்லா எண்களையும் கழுவிவிட்டேன். எனக்குக் கல்லு மேம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கட்டுரை வந்த இதழின் பக்கத்தை நீ அனுப்பியபோது நான் அதை வண்ணத்தில் அச்சடித்து வைத்தது உனக்குத் தெரியும். இறுதியாண்டு நிலத்தடி நீர் வகுப்பில் அதைத் திரையில் போட்டேன், என் மகள் வரைந்தது என்று பெருமையாகவே சொன்னேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் எங்கே நீர்மட்டம் மேலே இருக்கிறது, எங்கே இறங்கிவிட்டது என்று பச்சையிலிருந்து சிவப்பு வரை நிறம் பிரித்துக் காட்டியிருந்தாய், பிள்ளைகள் அவரவர் ஊரைத் தேடினார்கள். கடைசி வரிசையில் கீர்த்தனா என்று ஒரு பெண், ஓடைமேட்டுக் காலனிக்காரி, எழுந்து நின்று, மேம், எங்க தெரு எப்படி மேம் பச்சையா இருக்கு என்று கேட்டாள். அதில் என்ன தவறு என்றேன். எங்க போர் கிணத்துல மோட்டார் அரைமணி ஓடினா காத்து தள்ளும் மேம், உங்க தெருவும் பச்சை எங்க தெருவும் அதே பச்சையா என்றாள். வகுப்பில் ஒருத்தன், உங்க தெருவுல புல்லு மொளச்சிருக்கும் அத சாட்டிலைட்டு பாத்திருக்கும் என்றான், எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அந்தத் தெருவை அளந்ததே நம் கல்லூரிப் பிள்ளைகள்தான். நீ ஆராய்ச்சிக்குக் கேட்டாய் என்று மாதாமாதம் விடிவதற்கு முன்னால் நாடாவோடு ஊர் ஊராகப் போய், நாடா முனை தண்ணீரைத் தொட்டு ஒலி எழுப்பும் ஆழத்தைக் குறித்து உனக்கு அனுப்பினார்கள், ஓடைமேட்டு போரும் அதில் இருந்தது. அது எங்கே போயிற்று என்று அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

நீ சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. அது ஸ்டாண்டர்ட் முறைதாம்மா, மோட்டார் ஓடுற கிணத்தோட அளவ சேர்த்துக்க மாட்டாங்க, தண்ணி நிலையா நிக்கணும், அப்பதான் அது நீர்மட்டம், அப்படி இல்லாதத நீக்கிட்டேன், கட்டுரையிலயே எழுதியிருக்கேன் பாரு என்றாய். எழுதியிருக்கிறாய், நானும் படித்தேன். நீயும் அப்போதே கவனித்திருக்கலாமே என்று என்னைக் கேட்பாய், தாராளமாகக் கேள், அதனால் ஓடைமேட்டில் ஒரு குடம் கூடுதலாக நிறையப்போவதில்லை. விதி தவறு என்று நான் சொல்லவில்லை. இறைத்துக்கொண்டிருக்கும் கிணற்றில் மட்டத்தை எடுக்காதே, ஓய விட்டு எடு என்று நானே வகுப்பில் சொல்லித்தருகிறேன். ஆனால் எந்தக் கிணறு ஓயும், எந்தக் கிணறு ஓயாது என்று நீ ஒரு நிமிடம் யோசித்தாயா. நம் தெருவில் வீட்டுக்கு ஒரு போர், சிலருக்கு இரண்டு, தோட்டத்தில் இன்னொன்று, மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும், விடிகாலையில் போய் அளந்தால் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஓடைமேட்டில் அத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு போர். வீட்டுக்கு வீடு குழாய் வைத்துவிட்டார்கள், திறப்பு விழாவில் உன் சித்தப்பா மாலை போட்டுக்கொண்டு படம்கூட எடுத்துக்கொண்டார், அந்தக் குழாய்க்குப் பின்னால் இருப்பது அதே போர்தான். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறது என்று அங்கேதான் வருகிறார்கள். அந்தக் கிணறு எப்போது ஓயும். உன் விதியால் வெளியே போன கிணறுகள் எந்தெந்த ஊரில் எந்தெந்தத் தெருவில் இருந்தன என்று அளந்த பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டேன், கீழ்பென்னாத்தூர் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், ஊர்த்தெரு ஒன்றுகூட இல்லை, அத்தனையும் காலனி. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்று செய்யாமலே இப்படி வந்து விழுகிறதே, அதுதான் எனக்கு எரிகிறது.

நீக்கியதோடு விட்டிருந்தாலும் அந்த இடம் வெள்ளையாக இருந்திருக்கும், தெரியாது என்று அர்த்தம் ஆகியிருக்கும். நீ விட்ட இடத்தை மென்பொருள் சும்மா விடாது, அக்கம்பக்கத்து எண்களை எடுத்து நிரப்பிவிடும். ஓடைமேட்டுக்கு அக்கம்பக்கம் நம் தெருதான். அதாவது நம் வீட்டுத் தண்ணீரை எடுத்து அவர்கள் வீட்டின்மேல் பச்சையாகப் பூசியிருக்கிறாய். நீ இப்போது இருக்கும் ஊர் மணல், அங்கே ஒரு கிணற்றைப் பார்த்துப் பக்கத்துக் கிணற்றைச் சொல்லிவிடலாம், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அரசாங்கமே இறைத்துக் கடலில் விடுகிற ஊர் அது. இங்கே அடியில் இருப்பது கருங்கல். கல்லில் தண்ணீர் இல்லை, கல்லின் வெடிப்பில் இருக்கிறது, வெடிப்பு எந்த வீட்டுக்கு அடியில் ஓடும் என்று எவனாலும் சொல்ல முடியாது, ஒரு போரில் பீறிக்கொண்டு வரும், சுவருக்கு அந்தப் பக்கம் புழுதி பறக்கும். இதை நீ மூன்றாம் வகுப்பிலேயே தோட்டத்துப் பாறையில் ஏறி நின்று எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறாய், இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறாய்.

இதெல்லாம் கட்டுரைக்குள்ளேயே இருந்திருந்தால் நான் உன்னோடு தொலைபேசியில் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். ஜனவரி கிராம சபைக்கு உன் வரைபடம் வந்துவிட்டது. மௌனச்சோலை என்று ஒரு தங்கும் விடுதி, ஓடைக்கு இந்தப் பக்கம் இடம் வாங்கியிருக்கிறார்கள், வாங்கிக்கொடுத்தது உன் சித்தப்பா சரவணகுமார். குடில்கள், தோட்டம், நீச்சல் குளம், அதற்கு ஆழமாக நாலைந்து போர், காலனி போரிலிருந்து கல்லெறி தூரம்கூட இல்லை. ஊராட்சி சம்மதித்துத் தீர்மானம் போட வேண்டும். சித்தப்பா உன் வரைபடத்தைப் பெரிதாக அடித்துக் குச்சியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். எங்க அண்ணன் பொண்ணு நந்தினி, ஹாலந்துல புரொபசரு, அதுவே போட்ட மேப்பு இது, பச்சைன்னா தண்ணி ஜாஸ்தி, செவப்புன்னா கம்மி, நம்ம எடம் பூரா பச்சை, இதுக்கு மேல என்னா பேச்சு என்றார். கைதட்டினார்கள். உனக்குத்தான் தட்டினார்கள். காலனியிலிருந்து கீர்த்தனாவின் அம்மா பாஞ்சாலை எழுந்து, பேசாம இருக்கறதுக்குத்தான அவுங்க இங்க வர்றாங்க, பேசாம இருக்கறதுக்கு நீச்சல் எதுக்குப்பா என்று கேட்டாள், தலைவர்கூடச் சிரித்துவிட்டார். சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, நீ உக்காரு பாஞ்சால, படிச்சவங்க கணக்குப் போட்டு சொல்றாங்க என்றார். உம் படிப்பு எங்க போராண்ட வந்துச்சா, வந்திருந்தா ஒரு வாயி தண்ணி குடுத்திருப்பனே என்றாள் அவள். அதற்குமேல் கூச்சல். நான் எழுந்து, அந்த வரைபடத்தில் காலனி அளவு சேரவில்லை, அந்தப் பச்சை செல்லாது என்று சொன்னேன். சித்தப்பா என்னைப் பார்த்து, அண்ணி, உங்க பொண்ண விட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமா என்று கேட்டார். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. தலைவர், மார்ச்சில் தண்ணீர் நாளுக்கு இன்னொரு கிராம சபை வருகிறது, அதில் முடிவு செய்துகொள்வோம் என்று தள்ளிவைத்தார்.

சரி, உன் விதிப்படியே அந்தப் போரை ஓய விட்டு அளந்துவிடுவோம், யாரும் வாய் திறக்க முடியாது என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனேன். ஒரு பகல் ஒரு இரவு மோட்டாரைப் போடாமல் இருங்கள், அடுத்த விடிகாலையில் அளந்துகொள்கிறேன் என்று கேட்டேன். ஒருநாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இரு என்று ஒரு தெருவையே கேட்கிறோம் என்பது கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாஞ்சாலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கோயில்லகூட மத்தியானம் நட சாத்துவாங்க டீச்சரம்மா, எங்க போருக்கு நட சாத்தறதே இல்ல, இப்ப உங்க பொண்ணு கணக்குக்கு சாத்தணுமா என்றாள். திரௌபதி என்று ஒரு அம்மா, கிரிவலப் பாதையில் பெருக்குகிறவர், காலேஜ் பசங்க வந்து அளந்து அளந்துதான் தண்ணி கீழ போவுது, அந்த நாடாவ மொதல்ல ஒளிச்சு வையுங்க என்றார், அவர் சொன்ன விதத்தில் பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள். கீர்த்தனா மட்டும் தன் அம்மாவோடு தெருவில் நின்று சண்டை போட்டாள், அளக்காமவுட்டா அந்த சரவணகுமாரு பச்சையவே காட்டுவாம்மா என்றாள். பாஞ்சாலை கடைசியில், ஒரு நாளைக்கி எங்களுக்கு வேற தண்ணி காட்டுங்க, நாங்க மோட்டார தொடல, இது பேச்சு என்றாள்.

தண்ணீரைக் காட்ட நான் நம் தெருவில் வீடு வீடாக ஏறினேன். பச்சைத் தெரு, ஓயும் கிணறுகள், ஒரே ஒரு நாள். லாரியில் வாங்கிக் கொடுத்திருக்கலாம், நான் வேண்டுமென்றேதான் நம் தெருவைக் கேட்டேன். எதிர்வீட்டு அறிவுச்செல்வன், பள்ளியில் மரம் நடும் விழா என்றால் முதல் ஆளாக நிற்கிறவர், டீச்சர், தண்ணி குடுக்கறதுல ஒண்ணுமில்ல, பைப்பு மட்டும் நம்ம தெருவுலேர்ந்து அங்க போகக்கூடாது, அப்புறம் அது பழக்கமாயிடும் என்றார். தண்ணீரில் ஒன்றும் இல்லையாம், குழாய் எந்தத் திசைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம். மற்றவர்களும் அதையே வேறு வேறு மாதிரி சொன்னார்கள், ஒருத்தர் வீட்டில் மோட்டார் ரிப்பேர், ஒருத்தர் வீட்டில் விசேஷம். இந்தத் தெருவில்தான் நீ பிறந்தாய், இந்தத் தெருவின் அளவுகளை நம்பித்தான் உன் வரைபடம் நிற்கிறது. நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில், எம்பொண்ணு பொழப்ப நீயே கெடுத்துடாத கஸ்தூரி, அது இந்த வருசம் பர்மனென்ட் ஆவணும் என்றார். மறுநாள் கடையிலிருந்து கருப்புக் குழாய்ச் சுருளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கி, அந்த முனையப் புடி என்றார். நம் வீட்டு போரிலிருந்து தெரு நடுவாக, அறிவுச்செல்வன் வாசல் வழியாகவே, ஓடையைத் தாண்டி காலனிக்குக் குழாய் போனது. சித்தப்பா வந்து, அண்ணே உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று கத்தினார். அப்பா, கெட்டுதான் போச்சு, வழிய வுடு, பைப்ப மிதிக்காத, புது சரக்கு என்றார். முப்பத்தைந்து வருடத்தில் அந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய்.

காலனி போர் ஒரு பகலும் ஒரு இரவும் மூடியே கிடந்தது. பாஞ்சாலை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், நம் வீட்டுத் தண்ணீரைத்தான் எல்லோரும் பிடித்தார்கள். விடியும்போது பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே அளந்தார்கள், நான் இங்கே நம் வீட்டில் அளந்தேன். ஓடைமேட்டில் ஒருநாள் முழுக்க விட்டும் தண்ணீர் ஊறி ஊறி மேலே வந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை, அதுவரை ஏறியிருந்த மட்டத்தை வைத்துப் பார்த்தாலும் உன் நிறக் கணக்கில் அழுத்தமான சிவப்பு. நீ பூசியிருப்பது பச்சை. அது நான் எதிர்பார்த்ததுதான். நம் வீட்டு போரில் நான் நாடாவை விட்டேன், வழக்கமாக ஒலி வரும் ஆழத்தில் ஒலி வரவில்லை, இன்னும் இறக்கினேன், இன்னும் இறக்கினேன், கடைசியில் வந்தது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப விட்டால் வேறு இடத்தில் வந்தது. தண்ணீர் நிலையாக இல்லை, ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு நாள் ஒரு தெருவுக்குச் சேர்த்து இறைத்ததற்கு நம் கிணறும் ஓயாத கிணறு ஆகிவிட்டது. உன் விதிப்படி அந்த அளவையும் நீக்கிவிட வேண்டும் நந்தினி. ஒரு நாள் தண்ணீர் கொடுத்ததற்கு நீ பிறந்த வீடு உன் வரைபடத்திலிருந்து போய்விடுகிறது. ஆக, அதில் பச்சையாக இருப்பது தண்ணீர் உள்ள இடம் என்று நான் இனிமேல் வகுப்பில் சொல்லமாட்டேன். யாருக்கும் கொடுக்காத இடம் என்றுதான் சொல்வேன். அந்த இரண்டு அளவையும் அன்றைக்கே உனக்கு அனுப்பினேன். அதற்கும் ஒரு கட்டைவிரல் வந்தது.

உன் பக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. திருத்தம் போட்டால் கட்டுரையில் பெயர் போட்ட மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், இந்த வருடம் உன்னை நிரந்தரமாக்கக் கூட்டம் கூடுகிறார்கள், அந்த நேரத்தில் தன் கட்டுரையில் தானே பிழை சொல்லிக்கொண்டு எந்தப் பைத்தியக்காரி வருவாள். எனக்கும் ஒருமுறை நிர்வாகத்தில் வேலை போகும் என்று பயம் காட்டினார்கள், அது எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அந்த விடுதிக்காரர்கள் போர் போட்ட மறுகோடையில் பாஞ்சாலை வீட்டில் குழாயைத் திறந்தால் காற்று வரும், அப்போது அவளுக்கு வேறு எங்கும் போக வழியில்லை, நம் தெரு என்ன சொல்லும் என்று மேலேயே எழுதிவிட்டேன். உன் வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம், நீ படித்திருக்கிறாய், உனக்கு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் போர் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லாதே, நான் வைக்கமாட்டேன். இதழுக்கு உன் பெயரில் எழுது. விட்ட கிணறுகள் எல்லாம் எந்தத் தெருவில் இருந்தன என்று எழுது, அந்த இடங்களில் பூசிய நிறத்தை எடுத்துவிட்டு வெறுமையாக விடு, ஒரு கிணறு ஓயவே இல்லை என்றால் அதையே ஒரு அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுது. அது நல்ல ஆராய்ச்சிகூட, உன் மாணவர்களில் யாராவது அதை எடுத்துச் செய்யட்டும், நான் இங்கிருந்து அளவு அனுப்புகிறேன், கீர்த்தனா அனுப்புவாள். அவள் உனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருப்பதாகச் சொன்னாள், மூன்று வாரமாகப் பதில் இல்லையாம், மேம் உங்க பொண்ணு பிஸியா இருப்பாங்க என்று உனக்காக என்னிடமே சமாதானம் சொல்கிறாள். எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அவளுக்கு இரண்டு வரி எழுது.

வேறு செய்தி, பின்பக்கத்து முருங்கை காற்றில் ஒடிந்து விழுந்து மறுபடி துளிர்த்திருக்கிறது. சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார், சித்தி மட்டும் கோயிலில் பார்த்தால் கண்ணால் சிரிக்கிறாள். அறிவுச்செல்வன் என்னைப் பார்த்தால் செல்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். அப்பாவிடம் நீ பேசும்போது போண்டாவைப் பற்றிக் கண்டிப்பாகக் கேள், நான் சொன்னேன் என்று சொல்லாதே. நீ அங்கே ரொட்டியையும் காப்பியையும் வைத்து நாளை ஓட்டாமல் ஒரு வேளையாவது சோறு வடி, தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, போட்டுவிட்டு உடனே காப்பி குடிக்காதே, போனமுறை ஊருக்கு வந்தபோது குடித்தாய், நான் பார்த்தேன். சைக்கிளில் போகும்போது காதில் பாட்டு வேண்டாம். நீ நினைத்த வேலை நிலைக்கட்டும், உடம்பு கெடாமல் இருக்கட்டும், தலைநிமிர்ந்து நில், அதைவிடப் பெரிய வாழ்த்து எனக்குத் தெரியாது. அப்பா தன் வாழ்த்தையும் சேர்த்து எழுதச் சொன்னார், கோபமாக எழுதாதே என்றும் சொன்னார், அதை மட்டும் எழுதி முடித்த பிறகுதான் சொன்னார்.

உன் மேல் உயிரையும் இப்போது கொஞ்சம் கோபத்தையும் வைத்திருக்கும் அம்மா,
கஸ்தூரி

மார்ச் கிராம சபையில் சித்தப்பா மறுபடி உன் பெயரைச் சொல்லித்தான் பேசுவார். கல்லூரியிலிருந்து திரையும் புரொஜெக்டரும் நான் எடுத்துவருகிறேன், அங்கே அப்போது விடிந்துகூட இருக்காது, அலாரம் வைத்து எழுந்து வீடியோவில் வா. பாஞ்சாலை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் தெருவில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று உன்னைக் கேட்பாள். எனக்குச் சொன்னதுபோல முறை, விதி என்று சொல்லாமல், தமிழில், அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.